பதினோரு ஸ்பீடு பிரேக்கர்

என் வீட்டு வாசலிலிருந்து அறந்தாங்கியில் நான் நடத்தும் இ-சேவை மையம் வரைக்கும் பதினான்கு கிலோமீட்டர். அதற்குள் பதினோரு ஸ்பீடு பிரேக்கர். நான்கு, சர்க்கார் போட்டவை. மிச்ச ஏழும், எவனோ வேகமாகப் போய் ஆட்டுக்குட்டியை அடித்துவிட்ட ஆத்திரத்தில் அந்தந்த ஊர்க்காரர்கள் தாங்களே கட்டியவை. ஆத்திரம் எவ்வளவோ அவ்வளவு உயரம். ஸ்கூட்டியில் போன காலத்தில் இதையெல்லாம் நான் கவனித்ததே இல்லை. தரையிலிருந்து அரை ஜாண் உயரத்தில் ஓடுகிற ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் தினமும் வேலைக்குப் போய்வர ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொன்றோடும் எனக்குத் தனித்தனியாகப் பழக்கம் ஏற்பட்டது.

கார் என் வீட்டுக்காரருடையது. அவர் வளைகுடாவில், விலை உயர்ந்த கார்களைப் பழுது பார்க்கிற பட்டறை ஒன்றில் மெக்கானிக். சென்னையில் வெள்ளத்தில் மூழ்கி, சொந்தக்காரரே வேண்டாமென்று கைகழுவிய வண்டியை வாங்கி, திருச்சியில் ஒரு சிநேகிதர் பட்டறையில் போட்டு, மூன்று லீவில் அதற்கு உயிர் கொடுத்தார். லீவுக்கு வந்த மனுஷன் பொண்டாட்டி முகத்தைப் பார்த்ததைவிட அந்த வண்டியின் அடிவயிற்றைப் பார்த்ததுதான் அதிகம். நல்ல மஞ்சள் நிறம். இரண்டே சீட்டு. இன்ஜின் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்; முன்பக்கத்தைத் திறந்தால் சாமான் வைக்கிற குழி.

"முழுசா ஊரோட வந்ததுக்கப்பறம் நாம ரெண்டு பேரும் இதுல ராமேஸ்வரம் வரைக்கும் ஒரு ஓட்டம் போயிட்டு வரணும்" என்றார். அதுவரைக்கும் வண்டி உறை போட்டுப் படுத்திருக்க வேண்டும். தினமும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைப்பது மட்டும் என் வேலை. லைசென்ஸ் எடுத்திருந்தேன். ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து உள்ளே விடுகிற அளவுக்குக் கண்மாய்ப் பொட்டலில் வைத்து அவரே சொல்லியும் தந்திருந்தார். இரண்டு வருஷமாக அந்த மஞ்சள் மகாராணிக்குச் சேவகம் செய்துகொண்டிருந்தேன்.

முழுசாக ஊரோடு வருவது. அதைக் கேட்டுக் கேட்டே என் காது புளித்துவிட்டது. கல்யாணமாகி மூன்றாம் மாதம் விமானம் ஏறியவர். இருபத்திரண்டு வருஷம். கான்ட்ராக்ட் முடிகிற ஒவ்வொரு தடவையும் "இன்னும் ரெண்டே வருஷம்" என்பார். முதலில் தங்கச்சி கல்யாணம், அப்புறம் வீடு, அப்புறம் மகள் படிப்பு. லீவுக்கு வருவார், ஆனால் அவருடைய டூல்ஸ் பெட்டி வராது. நீல நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி, போட்டோவில் பார்த்திருக்கிறேன். குக்கர் கைப்பிடி ஆடுகிறது, ஒரு ஸ்க்ரூ டிரைவர் இல்லையா என்று கேட்டால், "நல்லதெல்லாம் என் பெட்டில அங்கிட்டு கெடக்கு" என்பார். மெக்கானிக் பொண்டாட்டி நான் இருபத்திரண்டு வருஷமாகக் கத்தி முனையால்தான் ஸ்க்ரூ முடுக்குகிறேன். எவரிடம் சொல்லி அழ?

போன ஐப்பசியில் போன் வந்தது. மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் முடிக்கப் போகிற வருஷம். சொல்வதற்கு இனி ஒரு காரணமும் பாக்கி இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். மனுஷன் இழுத்தார்.

"பங்குனியில கான்ட்ராக்ட் முடியுது. இன்னும் ரெண்டே வருஷம் எழுதிக் குடுத்துடலாம்னு பாக்குறேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மாவுக்கு ரெண்டு வருஷமா?"

"அங்க வந்து நான் என்னத்தப் பண்றது? யார எனக்குத் தெரியும்?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். என்னைத் தெரியாதா? போனை வைத்துவிட்டேன். அழுகையும் வந்தது, பொய் சொல்வானேன். மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போய் உறையை உருவி மூலையில் எறிந்தேன். இவர் அனுபவிக்கப் போகிற நாள் வரட்டும் என்று இந்த வண்டி இன்னும் எத்தனை காலம் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும்? ஹேண்ட்பேக்கைத் தூக்கிப் போட்டு ஏறினேன். ஏறினேன் என்று சொல்லக் கூடாது, இறங்கினேன். அந்த வண்டிக்குள் போவது குளத்துப் படியில் உட்காருவதைப் போல. முதலில் உட்கார வேண்டும், பிறகு புடவையைச் சேர்த்துப் பிடித்து இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே இழுக்க வேண்டும். இதைப் பழகுவதற்குள் இரண்டு புடவை கிழிந்தது.

என் கொழுந்தனார் மனைவி அறந்தாங்கியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். எப்போதும் என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவள். வாசலில் காரைப் பார்த்ததும் வாயைப் பிளந்தாள்.

"யக்கா, மச்சானுக்குத் தெரியுமா?"

"தெரியும்போது தெரியட்டும். ஏறு."

முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே அடியில் "கர்ர்" என்று ஒரு சத்தம். பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டேன். அவள்தான் வழி கண்டுபிடித்தாள். அவள் கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். அவள் இறங்கிக்கொண்டால் வண்டி ஒரு விரல்கடை உயரும். இறங்கி, ரோட்டோரம் குனிந்து அடியைப் பார்த்துக்கொண்டே, "இங்கிட்டு ஒடிங்க, இன்னும் கொஞ்சம், விடுங்க விடுங்க" என்று கையாட்டுவாள். நான் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவேன். பதினோரு தடவை இறங்கி, பதினோரு தடவை ஏறுவாள். "கார்ல போறேன்னு பேரு, பாதி தூரம் நடந்துதான் போறேன்" என்று கடையில் சொல்லிச் சிரித்தாளாம். ஆனாலும் ஒரு நாள்கூடப் பஸ்ஸில் போகவில்லை.

பறக்கப் பிறந்த வண்டி. நான் நாற்பதைத் தாண்டியதில்லை; மூன்றாவது கியருக்கு மேலே என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பக்கத்தில் பஸ் வந்தால் அதன் டயர்தான் கண்ணுக்கு நேரே தெரியும். நாய்கள் முதல் வாரம் துரத்தின. அப்புறம் சலித்துப்போய் விட்டுவிட்டன. பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். முன்பக்கக் குழியில் ரேஷன் அரிசி, சந்தைக் காய்கறி, ஆட்டுக்கு அகத்திக்கீரைக் கட்டு எல்லாம் வந்தது. முதியோர் பென்ஷனுக்கு எழுதிப்போட வந்த ஒரு பெரியவர், நான் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, "நீங்க எதுக்கு ஆத்தா இங்க வந்து எங்களுக்கு ஃபாரம் எழுதிக்கிட்டு?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

வீட்டுக்காரருக்கு நானேதான் சொன்னேன். சொல்லவில்லை, கிலோமீட்டர் காட்டுகிற இடத்தை போட்டோ எடுத்து அனுப்பினேன். அடுத்த நிமிஷம் போன்.

"ஏய், வண்டிய வெளிய எடுத்தியா? ஒனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"ஆமா. ரெண்டு வருஷத்துக்குப் பிடிச்சிருக்கு" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் ஒரு போட்டோ. எண் ஏற ஏற அவருக்கு வயிற்றைக் கலக்கட்டும் என்று வஞ்சம் வைத்துத்தான் அனுப்பினேன். ஒரு வாரம் திட்டினார். அப்புறம் டயரில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்று சொன்னார். அப்புறம் ஒரு நாள், "ரெண்டாவது கியர்ல எடுக்குறப்ப ஒரு விசில் மாதிரி வருதா?" என்று கேட்டார். வருகிறதே! சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கேட்டுக் கேட்டு, அது என்ன பெல்ட், எத்தனை நாள் தாங்கும் என்று பக்கம் பக்கமாக எழுதினார். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் போன் பேச்சு "சாப்டியா, மழை பேஞ்சுதா" என்ற அளவில்தான் இருந்தது. இப்போது எந்த வளைவில் பள்ளம், எந்த ஊரில் புது பிரேக்கர், கொழுந்தனார் மனைவி எங்கே இறங்கினாள், எங்கே வழுக்கினாள் என்று எல்லாம் கேட்டார். நம்மூர் ரோடு முழுவதும் அவருக்கு என் வாயால் மனப்பாடமாகிவிட்டது. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கான்ட்ராக்ட் பேச்சை எடுத்தால் மட்டும் மனுஷன் நழுவிவிடுவார்.

மாசி பிறந்தது. எங்கள் பக்கம் உளுந்து பிடுங்குகிற நேரம். பிடுங்கிய செடியைக் களத்துக்குக் கொண்டுபோவதைவிட ரோட்டில் பரப்புவதுதான் எல்லோருக்கும் சுலபம். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்துத் தானாகவே உளுந்து உதிர்ந்துவிடும். அதில் ஏற்றாமல் ஓரமாக ஒதுங்கிப் போனால் அது மரியாதை இல்லை. "பெரிய இவுக, நம்ம பயிர் மேல சக்கரம் படாதோ" என்று பேச்சு வந்துவிடும். நானும் இத்தனை வருஷம் ஸ்கூட்டியில் ஒதுங்கியதே இல்லை.

அன்று ஒன்பதரை மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. நான்காவது ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டினால் ரோடு நெடுக உளுந்துச் செடி. முழங்கால் உயரம். ஓரத்தில் சுளகும் கம்புமாக நாலைந்து பொம்பளைகள். என் காரைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம்.

"வாங்க வாங்க! நல்ல அகல டயரு! நல்லா ஏத்தி ஒரு ரெண்டு நட போயிட்டு வாங்க தாயி!"

நான் யோசித்திருக்க வேண்டும். கொழுந்தனார் மனைவி, "யக்கா, அடியில இடிக்குமே" என்றுகூடச் சொன்னாள். ஆனால் கார் வந்ததும் கண்ணு தெரியவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால்? ஏற்றினேன். போனேன், திரும்பினேன், வந்தேன், மறுபடியும் போனேன். அவர்கள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. அரை கிலோமீட்டர் தாண்டியிருக்க மாட்டோம், உள்ளே ஒரு கருகல் வாடை.

"யக்கா! பின்னாடி பொகை!"

நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இரண்டு பேரும் விழுந்தடித்து வெளியே வந்தோம். இன்ஜினுக்கு அடியில் பொதி பொதியாக உளுந்துச் செடி அடைத்து, சூடான சைலன்சர் குழாயில் பட்டுக் கருகிக்கொண்டிருந்தது. அடிப் பாவி, என் கையாலேயே கொளுத்திவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் பொம்பளைகள்தான் ஓடி வந்தார்கள். ஈரச் சாக்கைத் திணித்து, கம்பாலும் கையாலும் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார்கள். ஒருத்திக்குக் கை சுட்டுவிட்டது; அதைப் பார்க்காமல் இழுத்துக்கொண்டே இருந்தாள். புகை நின்றது. ஆனால் அடித்தட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இறுகிக்கிடந்தது வரவில்லை.

அவருக்கு வீடியோ கால் போட்டேன். பட்டறையில் நின்றுகொண்டிருந்தார், பின்னால் ஒரு கார் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அழுதுகொண்டே போனைத் தரையில் வைத்து வண்டியின் அடியைக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ஒங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலையே? ஆகலையே?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகுதான் மெக்கானிக்காக மாறினார்.

"அந்த அடித்தட்டைக் கழட்டணும். ஆறு போல்ட்டு. நட்சத்திரம் மாதிரி தலை இருக்கும். அதுக்குத் தனியா ஒரு திருகுச் சாவி."

"அது எங்க இருக்கு?"

"என் பெட்டில. இந்தா பாரு, இதான்."

கையை நீட்டி அந்தச் சாவியைக் கேமராவுக்கு முன்னால் காட்டினார். பளபளவென்று இருந்தது. எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"அங்க நின்னுக்கிட்டு ஆட்டுனா இங்க கழறுமாங்க?" என்றேன்.

சுற்றி நின்ற எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. "இருவத்திரெண்டு வருஷமா இப்படித்தானே காட்டுறீக! இங்க வந்து என்ன பண்றதுன்னு கேட்டீகல்ல? இந்தா கெடக்கு பண்ண வேண்டியது. வந்து பண்ணுங்க!" என்று கத்திவிட்டேன். அவர் சாவியைக் கீழே இறக்கினார். கொழுந்தனார் மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி, "மச்சான், அப்பறம் பேசுறோம்" என்று அணைத்தாள்.

வண்டியை டிராக்டரில் கயிறு கட்டி நடை வேகத்தில் வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். நான்கு பிரேக்கரிலும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி இறக்கியது அந்த ஊர் ஜனம். மகராசிகள், நன்றாக இருக்க வேண்டும்.

இரண்டு நாள் அவரிடமிருந்து சத்தமே இல்லை. நான் சாயந்திரம் போட்டோ அனுப்பவில்லை. அனுப்ப எண் ஏறினால்தானே? அறந்தாங்கியில் ஒரு மெக்கானிக்கிடம் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மூன்றாம் நாள் ஒரே ஒரு வரி வந்தது. "யாரும் தொட வேணாம். நான் வாரேன்."

"எத்தன நாள் லீவு?" என்று கேட்டேன். "வாரேன்ல" என்றார். பங்குனிக்கு இன்னும் மூன்று வாரம். கான்ட்ராக்டைப் புதுப்பித்துவிட்டு நடுவில் பதினைந்து நாள் வந்து போவார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பழக்கம்தானே. பங்குனி பிறந்து தேதி சொன்னதும் எப்போதும் போல வேன் பேசினேன். லீவுக்கு வருகிறவர் சொந்தபந்தத்துக்கெல்லாம் சாமான் அடைத்து இரண்டு பெரிய அட்டைப்பெட்டி கொண்டு வருவார். மேலே கேரியரில் வைத்துக் கட்ட வேண்டும். கொழுந்தனார் மனைவி மறக்காமல் நல்ல நைலான் கயிறு ஒரு சுருள் எடுத்து வந்தாள்.

திருச்சி ஏர்போர்ட்டில் காலை வெயிலில் நின்றோம். எல்லோரும் மலை மாதிரி அட்டைப்பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் அவர் வந்தார். தோளில் ஒரு பை. தள்ளுவண்டியில் ஒரே ஒரு சாமான். பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தாலும் நிறம் தெரிந்தது.

நீலம்.

கொழுந்தனார் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா மச்சான், அட்டப்பெட்டியக் காணோம்? எனக்கு சோப்புகூட வாங்கலையா?" என்றாள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே அவளுக்குப் பதில் சொன்னார்.

"இதோட வெயிட்டே சரியாப் போச்சு. வேற எதுவும் ஏத்த முடியல."

நான் அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றார். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பாவம், லீவில்லாத வீட்டுக்காரராக இருந்து அவருக்கு ஏது பழக்கம்?

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. நேரே ஷெட்டுக்குப் போய், பெட்டியைத் திறந்து, ஜாக்கியால் வண்டியைத் தூக்கி அடியில் புகுந்துவிட்டார். ஆறு போல்ட்டும் ஐந்து நிமிஷத்தில் கழன்றது. கருகியும் கருகாமலும் கூடை கூடையாகச் செடி விழுந்தது. கூடவே ஒரு படி உளுந்தும். அதைப் புடைத்து எடுத்து, கை சுட்டுக்கொண்ட அந்தப் பொம்பளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பாதியைத் திருப்பிக் கொடுத்து, "வடை சுட்டு அவுகளுக்குக் குடு" என்றாள். போகும்போது குக்கரையும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது கைப்பிடி ஆடவில்லை.

நாலு நாள் கழித்து வண்டி தயாரானது. நீங்களே ஓட்டுங்க என்றேன். "ரோடு எனக்குக் காதால கேட்டுத்தான் தெரியும். நீ ஓட்டு" என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கொழுந்தனார் மனைவி பஸ்ஸில் போனாள். போகும்போது, "மச்சான், நல்லா நடக்குற செருப்பா போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இறங்குவது அவள் வேலை என்றே நினைத்திருந்தவருக்கு அது விளங்கவில்லை.

முதல் பிரேக்கர் வந்தது. "எறங்குங்க" என்றேன். முழித்தார். இறங்கினார். குனிந்து பார்த்து, அவளைவிடப் பதறிக் கையாட்டினார். ஏறினார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. உளுந்து உதிர்த்த பொம்பளைகள் அடையாளம் கண்டுகொண்டு கையைக் காட்டினார்கள். ஆறாவதில் இறங்கி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது, சட்டை நனைந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, மனப்பாடமெல்லாம் மறந்துபோய், "இன்னும் எத்தன இருக்கு?" என்று கேட்டார்.

ஐந்து இருந்தது.

"இன்னும் ரெண்டே ரெண்டுதாங்க" என்றேன்.